192 சக்கரங்களும் ஒரு மிதவையும்

அமீர்பேட்டில் தங்கி ஆய்வு செய்பவர்களுக்கு மைத்ரிவனம் சந்திப்பை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கணினிப் பயிற்சி நிலையங்களின் விளம்பரப் பலகைகளும் மாணவர் விடுதிகளும் நெருங்கிய அந்தச் சந்திப்பில் ஒரு மணிநேரம் கனமழை பெய்தால் சாலை ஓடையாகிவிடும். கடந்த மழைக்காலத்தில் ஒரு மாலை, மெட்ரோ தூண்களுக்கு அடியில் ஒதுங்கி நின்றபோது, ஒரு வாகனத்தின் பின்னே இழுவண்டியில் மீட்புப் படகு ஒன்று வந்து நின்றது. ஓட்டுநரின் உதவியாளர் இறங்கிப் படகின் குறுக்கே ஓடிய பட்டையைத் தளர்த்தினார். அதற்கு ஒரே ஒரு முறுக்குக் கொடுத்து மீண்டும் கொக்கியில் மாட்டி இறுக்கினார். எதற்கு அந்த முறுக்கு என்று என் அரைகுறைத் தெலுங்கில் கேட்டேன். நேராகக் கட்டினால் பட்டை காற்றில் படபடக்கும், படபடத்தால் தளரும், ஒரு முறுக்கு இருந்தால் அடங்கிக் கிடக்கும் என்றார். சொல்லிவிட்டு மறுபக்கம் போய் அங்கும் அதையே செய்தார்.

அந்த ஒரு முறுக்கு என்னைப் பழைய செய்தி ஒன்றுக்கு இட்டுச் சென்றது. அச்சந்திப்பிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில்தான் உசேன் சாகர் இருக்கிறது. நவீன இந்தியாவில் ஒரு பெருஞ்சுமையைக் கட்டி இழுத்த மிகப் பெரிய முயற்சிகளுள் ஒன்று முடிந்ததும் அங்கேதான், முறிந்ததும் அங்கேதான்.

முதலில் கட்டைப் பற்றி. இழுவண்டியில் ஏற்றிய படகை நிறுத்தி வைப்பது அதன் எடை என்று பலரும் எண்ணுகிறோம். சாலை சமமாகவும் வண்டி சீராகவும் செல்லும்வரை அது உண்மைதான். தடை போட்டவுடன் படகு முன்னோக்கிப் பாய முயலும். வளைவில் பக்கவாட்டில் சரிய முயலும். பள்ளத்தில் பின்புறம் துள்ளும். முன்பகுதியை வின்ச் பட்டை இழுத்துப் பிடிக்கிறது. ஆனால் அது பின்புறத் துள்ளலைத் தடுக்காது. அதற்காகவே பின்பக்க மூலைகள் இரண்டிலிருந்தும் சட்டகத்துக்குத் தனித்தனிப் பட்டைகள் வேண்டும். வின்ச் அறுந்தாலும் படகு ஓடிவிடாதிருக்க ஒரு சங்கிலி வேண்டும். சரக்குக் கட்டுக்கான ஐரோப்பியத் தரநிலை இதை எண்களாகச் சொல்கிறது: சுமையின் எடையில் 80 விழுக்காட்டு விசையை முன்னோக்கியும், 50 விழுக்காட்டு விசையைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் தாங்குமாறு சுமை நிலைப்படுத்தப்பட வேண்டும். 500 கிலோ படகு என்றால் முன்னோக்கி 400 கிலோ, பக்கவாட்டில் 250 கிலோ. லாரித் தொழிலில் 'லாஷிங் பெல்ட்' எனப்படும் பட்டைகள் பெரும்பாலும் பாலியெஸ்டர் இழையால் ஆனவை. நைலானைவிடக் குறைவாக நீள்வதே அதற்குக் காரணம். இறுக்கம் குறைந்தாலும் ஆபத்து; மிகுந்தாலும் படகின் உடல் அழுந்தி விரியும். புறப்பட்டுச் சில கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி மீண்டும் இறுக்குவது இத்தொழிலின் பழக்கம். கட்டு என்பது ஒருமுறை செய்து முடிக்கும் செயல் அன்று. பயணம் முழுதும் செய்துகொண்டே இருக்கும் செயல்.

தமிழ்க் கடற்கரைக்கு இது புதிய பாடமில்லை. கட்டுமரம் என்ற பெயரிலேயே கட்டு இருக்கிறது. மரத்தை அன்றி, மரங்களைச் சேர்க்கும் செயலைத்தான் அப்பெயர் முன்னிறுத்துகிறது. கரை திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்துவதும், மறுமுறை கடலுக்குச் செல்லுமுன் புதிதாகக் கட்டுவதும் மீனவர் வழக்கம். வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயணநூல் வழியாக இச்சொல் ஆங்கில வாசகர்களை எட்டியது. சொல் உலகம் சுற்றியது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டிய கைகளின் அறிவு சொல்லுக்குள் அடங்கவில்லை. அதே கரையின் மசூலாப் படகு இன்னொரு பாடம். அதன் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டன. அலை மோதும்போது நெகிழ்ந்து கொடுப்பதற்காகவே அந்தத் தையல். ஆக, கட்டில் இருவகை உண்டு: அசையவிடாமல் பிடிக்கும் கட்டு, அசைவைத் தாங்கிக்கொள்ளும் கட்டு. நிலத்துக்கு முதல்வகை போதும். நீரின் இயல்பு வேறு.

இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு உசேன் சாகருக்கு வருவோம்.

1562-63இல் இப்ராகிம் குதுப் ஷா காலத்தில் உருவான ஏரி அது. அதன் நடுவே ஒரு புத்தர் சிலையை நிறுத்த வேண்டும் என்பது 1980களில் ஆந்திரப் பிரதேச முதலமைச்சராக இருந்த என்.டி. ராமராவின் கனவு. நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலை அவருக்குத் தூண்டுதலாக இருந்தது என்பர். சுதந்திர தேவி செப்புத் தகடுகளால் ஆனது; பிரான்சில் செய்யப்பட்டு, பகுதிகளாகப் பிரித்துப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் சென்றது. ராமராவ் விரும்பியதோ ஒற்றைக்கல். நகரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், புவனகிரிக்கு அருகிலுள்ள ராய்கிரியில் வெண்கருங்கல் பாறை கண்டறியப்பட்டது. தமிழகத்தில் பிறந்த எஸ்.எம். கணபதி ஸ்தபதியின் தலைமையில் சிற்பிகள் பல்லாண்டு உழைத்து, 58 அடி உயரச் சிலையைச் செதுக்கினர். எடை 350 டன் எனப் பரவலாகக் குறிக்கப்படுகிறது.

1988 நவம்பரில் 192 சக்கரங்கள் கொண்ட இழுவண்டியில் சிலை நகரத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்காகச் சாலைகள் அகலப்படுத்தப்பட்டன. கணக்கிட்டுப் பாருங்கள்: வண்டியின் எடையை விட்டுவிட்டுச் சிலையை மட்டும் எடுத்தாலே ஒரு சக்கரத்தின் மீது ஏறத்தாழ 1.8 டன். சக்கரங்களைப் பெருக்கியதன் பொருள், எந்தப் புள்ளியிலும் சாலை அமிழாதபடி சுமையைப் பரப்புவது. இத்தகைய பயணத்தில் மெதுவாகச் செல்வதே முதல் கட்டு. தடையின் அதிர்ச்சியும் வளைவின் சரிவும் வேகத்தோடு வளர்பவை. வேகத்தைக் குறைத்தால் பட்டைக்கும் சங்கிலிக்கும் வேலை குறையும். நிலத்தின் வழியே நடந்த பயணம் வென்றது.

சிலை ஏரிக்கரையில் காத்திருந்தது. இடையில் தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. 1990 மார்ச் 10 அன்று சிலை மிதவையில் ஏற்றப்பட்டு, ஏரி நடுவிலிருந்த மேடையை நோக்கி நகர்த்தப்பட்டது. ஏறத்தாழ நூறு கெஜம் சென்றதும் அது சரிந்து நீருக்குள் விழுந்தது. உடனிருந்த பணியாளர்கள் உயிரிழந்தனர்.

நிலத்தில் அறுபது கிலோமீட்டர் வந்த சுமை, நீரில் நூறு கெஜம் தாண்டவில்லை. ஏன் என்பதை விளங்கிக்கொள்ளப் பொதுவான இயற்பியலே உதவும். சாலையில் சுமையும் வண்டியும் ஒன்றாகக் கட்டப்பட்டால், கீழே பூமி இருக்கிறது, அது சாயாது. மிதவையில் அடித்தளமே சாயக்கூடியது. மிதவை ஒருபுறம் சிறிது சாய்ந்தால் சுமை அப்பக்கம் நகர முயலும். நகர்ந்தால் சாய்வு மிகும். சாய்வு மிகுந்தால் மேலும் நகரும். இழுவண்டியில் ஒரு பட்டை தளர்ந்தால் நிறுத்திச் சரிசெய்யலாம். மிதவையில் தொடங்கிய சரிவு அதற்கு அவகாசம் தராது. சுமையை மிதவையோடு எவ்வளவு இறுகக் கட்டினாலும், இரண்டும் சேர்ந்த உடல் நிலையாக மிதக்குமா என்ற கேள்விக்குப் பட்டை விடை சொல்லாது.

இங்கே ஓர் ஒப்பீடு பயன்படும். அதே பத்தாண்டில் கன்னியாகுமரியில் திருவள்ளுவர் சிலைப் பணி நடந்தது. வை. கணபதி ஸ்தபதியின் தலைமையில் உருவான அச்சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒருவராகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பீடத்தோடு 133 அடி உயரமுள்ள அப்படைப்பு 3,681 கற்களால் ஆனது. கொந்தளிக்கும் கடலைக் கடந்து பாறைக்குக் கற்கள் சென்றன. ஆனால் ஒவ்வொன்றாகச் சென்றன. ஒரு தவணையில் ஏதேனும் பிழைத்தாலும் இழப்பு அத்தவணையோடு நிற்கும். உசேன் சாகரில் எல்லா ஆபத்தும் ஒரே கல்லில், ஒரே நாளில், ஒரே மிதவையில் குவிந்தது. ஒற்றைக்கல் என்பது அழகியல் முடிவு மட்டுமன்று. கல்லுக்கு அருகில் நிற்பவர்கள் எவ்வளவு ஆபத்தை ஏற்க வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானித்தது. அந்த முடிவை எடுத்தவர்கள் யாரும் மிதவையில் நின்று கயிறு பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

சிலை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஏரியின் அடியில் கிடந்தது. மீட்கப்பட்டு, 1992 டிசம்பர் 1 அன்று மேடையில் நிறுத்தப்பட்டது. கல்லுக்குப் பெரிய சேதமில்லை என்று நகரம் ஆறுதல் கொண்டது. 2006இல் தலாய் லாமா அங்கு வழிபாடு நடத்தினார். இன்று லும்பினிப் பூங்காவிலிருந்து படகில் சென்று எவரும் பார்க்கலாம்.

வரலாற்று மாணவர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். இச்சிலையைப் பற்றி எழுதுவோர் கூறும் எண்களைத் தொகுத்துப் பாருங்கள். உயரம் 58 அடி. சக்கரங்கள் 192, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் 1990 மார்ச் 10 அன்று இறந்தோர் எத்தனை பேர்? எட்டு என்று சில பதிவுகள். பத்து என்று சில பதிவுகள். சக்கரங்களைத் துல்லியமாக எண்ணிய நினைவு, மனிதர்களை எண்ணும்போது தடுமாறுகிறது. பரவலாகப் படிக்கப்படும் குறிப்புகளில் சிற்பியின் பெயர் உண்டு, முதலமைச்சரின் பெயர் உண்டு, வழிபாடு நடத்தியவரின் பெயர் உண்டு. மிதவையில் நின்றவர்களின் பெயர்கள் இல்லை.

இதைத் தற்செயலான விடுபாடாக நான் கருதவில்லை. கட்டும் தொழிலின் இயல்பே அதன் மறதிக்கும் காரணம். கட்டு வென்றால் எதுவும் நிகழ்வதில்லை, நிகழாதது செய்தியாவதில்லை. ராய்கிரியிலிருந்து சிலையைப் பத்திரமாகக் கொண்டுவந்த பயணத்தில் யார் எந்த இடத்தில் சங்கிலியைச் சோதித்தார், யார் எந்த வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னார் என்பது அக்குறிப்புகளில் இல்லை. 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக் கட்டி, கடற்கரையிலிருந்து உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுசென்று ஆயிரக்கணக்கானோரை மீட்டனர். மீட்பு நமக்கு நினைவிருக்கிறது. கடலுக்கென்று செய்த படகுகள் நெடுஞ்சாலைகளில் விழாமல் வந்து சேர்ந்ததும் ஒரு திறன் என்பதை எத்தனை பேர் குறித்து வைத்தோம்?

தொழில்நுட்ப வரலாற்றைக் கருவிகளின் வரலாறாகவும், நினைவுச்சின்னங்களின் வரலாற்றை அவற்றைக் கற்பனை செய்தவர்களின் வரலாறாகவும் எழுதி வந்திருக்கிறோம். சுமை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சென்ற இடைவெளி நம் எழுத்தில் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது: 'கொண்டுவரப்பட்டது'. மேலே நானும் அதே செயப்பாட்டு வினையைத்தான் எழுதியிருக்கிறேன். யார் கொண்டுவந்தார் என்ற கேள்வியை அந்த வினைமுற்று மூடிவிடுகிறது. உசேன் சாகரில் அந்த மூடலுக்குக் கீழே உயிர்கள் இருக்கின்றன.

ஐதராபாத்தில் பயிலும் தமிழ் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். 1990 மார்ச் மாதத் தெலுங்கு, உருது நாளிதழ்களைப் புரட்டும் வாய்ப்பு உங்களுக்கு இருந்தால் புரட்டுங்கள். அந்நாளில் ஏரிக்கரையில் வேலை செய்த முதியவர்கள் இன்னும் இருப்பார்கள், பேசுங்கள். முதலில் எண்ணிக்கையை உறுதிசெய்வோம். பிறகு பெயர்கள்.

அன்று மைத்ரிவனத்தில் மழை விட்டது. படகை இறக்க வேண்டிய தேவை வரவில்லை. உதவியாளர் நான்கு மூலைகளையும் ஒருமுறை கையால் அழுத்திப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார். வண்டி பேகம்பேட்டைப் பக்கம் சென்றது. அவர் பெயரை நானும் கேட்கவில்லை.