மலையேறிய இயந்திரமும் இறங்கிய முள்ளும்

மலையகம் என்றதும் தேயிலையும் புகையிரதமும் நினைவுக்கு வருகின்றனவேயன்றிப் படகு வருவதில்லை. ஆயினும் படகுக்கும் இங்கு ஒரு வரலாறு உண்டு. நுவரெலியாவின் கிரகரி வாவி 1873இல் அமைந்தது. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இலும், மஸ்கெலியா ஓயாவை மறித்து மவுசாகலை நீர்த்தேக்கம் 1969இலும் உருவாயின. பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கடும் வரட்சியில் அதன் வழிபாட்டிடங்களின் எச்சங்கள் இன்றும் தலைகாட்டுகின்றன. நீர்ப்பரப்பு விரிந்த இடத்திற்குப் படகும், படகின் பின்னால் வெளியிணைப்பு இயந்திரமும் வந்து சேர்ந்தன.

1909இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் உருவாக்கிய இவ்வகை இயந்திரத்தின் உயிர்நாடி, சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நெருக்கும் அமுக்கமே. பிஸ்டன் வளையங்களோ சிலிண்டரின் சுவரோ தேய்ந்தால் அமுக்கம் கசியும். படகு நடுநீரில் நின்றுவிடக்கூடும். ஆகவே பழைய இயந்திரம் வாங்குவோர் அமுக்கமானி கொண்டு சோதிப்பர்.

எனது பத்திரிகைப் பணிக்காலத்தில் மலையகத்தில் நான் கவனித்த ஒன்றுண்டு. கரையோரத்தில் 120 காட்டிய இயந்திரம் மேலே 100ஐயும் எட்டவில்லை என்றதும், ‘தேய்ந்துவிட்டது’ என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய இயந்திரம் அடிமாட்டு விலைக்குப் போகிறது.

இதற்கான விடை 1648இலேயே கிடைத்துவிட்டது. பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் வேண்டுகோளின்படி, அவருடைய மைத்துனர் பெரியே பாரமானியுடன் புய் த டோம் மலையில் ஏறினார். உச்சியில் இரசம் தாழ்ந்து நின்றது. உயரம் கூடக் காற்றின் அமுக்கம் குறையும் என்பது நிலைநாட்டப்பட்டது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது கடல்மட்டத்தின் 80 வீதம் மட்டுமே. 1,100 மீற்றர் அளவிலுள்ள காசல்ரீயில் 88 வீதம். எனவே கடற்கரையில் 120 காட்டும் நல்ல இயந்திரம் காசல்ரீயில் சுமார் 105உம், நுவரெலியாவில் 96உம் காட்டுவதே இயல்பு. குறைந்தது காற்று, தேய்ந்தது இயந்திரமன்று.

உண்மைத் தேய்வை அறிய வழி வேறு. இயந்திரத்தைச் சூடேற்றி நிறுத்தி, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, தீப்பொறிக் கம்பிகளைப் பாதுகாப்பாக உடலுடன் இணைத்து, திரொட்டிலை முழுதும் திறந்து, முள் மேலே ஏறாது நிற்கும்வரை கயிற்றை இழுக்க வேண்டும். பின்னர் சிலிண்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். வேறுபாடு 10 முதல் 15 வீதத்தைத் தாண்டினாலே கவலை. குறைந்த சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டதும் முள் ஏறினால் வளையங்களிலோ சுவரிலோ தேய்வு இருக்கலாம். ஏறாவிடின் தலைமூடியின் கஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். எல்லாச் சிலிண்டர்களும் ஒரே அளவில் தேய்ந்திருக்கவும் கூடும். அப்போதுதான் உயரக் கணக்கைக் கழித்த எண் கைகொடுக்கும்.

அளவுகோல் எங்கே வகுக்கப்பட்டது என்பதை முதலில் கேளுங்கள். தீர்ப்பைப் பிறகு சொல்லலாம்.