எறிந்த கல்லும் இப்னு ஸீனாவும்

விசை என்றால் என்னவென்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் தடங்கலின்றி ஒப்பித்து விடுவார்கள். நிற்பதை அசைக்கும், ஓடுவதை நிறுத்தும், திசையைத் திருப்பும், உருவை மாற்றும் என்பார்கள். அவர்களிடமே வேறொரு வினாவைத் தொடுத்துப் பாருங்கள். கையை விட்டு நீங்கிய கல்லைப் பின்னும் செலுத்திக்கொண்டு போவது எது? “எறிந்தவனின் விசை கல்லுக்குள் இருக்கிறது” என்றே பெரும்பாலும் விடை வரும். இன்றைய பௌதிகத்தின்படி இது பிழை. ஆயினும் அற்பப் பிழையன்று. பேரறிஞர் பலர் நெடுங்காலம் நின்று சிந்தித்த இடம் அது.

தள்ளுவோன் உடனிருந்தாலன்றிப் பொருள் நகராது என்பது கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டிலின் கொள்கை. அப்படியாயின் கல்லைத் தள்ளுவோன் யார்? காற்றே என்றார் அவர். அலெக்சாந்திரியாவில் 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிலோபோனஸ் இதை ஏற்கவில்லை. அரபு நூல்கள் யஹ்யா அந்நஹ்வீ என்றழைக்கும் அறிஞர் இவரே. கல்லின் பின்னே காற்றை எவ்வளவு தள்ளினாலும் கல் பறக்கக் காணோமே என மடக்கிவிட்டு, எறிபவனே கல்லில் ஓர் ஆற்றலைப் பதிக்கிறான் என்றார்.

அவ்வாற்றலுக்கு ‘மைல்’ என்னும் பெயரிட்டு நுணுகி ஆராய்ந்தவர் இப்னு ஸீனா அவர்கள் (ஹிஜ்ரி 370–428, கி.பி. 980–1037). மைல் என்றால் சாய்வு; மனம் ஒருவர்பால் சாய்வதையும் அரபியர் அச்சொல்லாலேயே குறிப்பர். கனத்த பொருள் தானே கீழ்நோக்கிச் சாய்வது இயற்கை மைல். எறிந்த கல்லில் இருப்பது வலிந்து ஊட்டப்பட்ட ‘கஸ்ரீ’ மைல். இது தானாகத் தேய்வதில்லை, காற்றுப் போன்ற தடைகளே இதைத் தேய்க்கின்றன என்று தம் ‘அஷ்ஷிஃபா’வில் அவர்கள் வாதிடுகின்றார்கள். அங்ஙனமாயின், தடையேதுமற்ற வெற்றிடத்தில் எறிந்த கல் நிற்கவே நிற்காதன்றோ? ஆம், அந்த முடிவுக்கே வந்தார்கள். வந்தபின் செய்ததுதான் வியப்பு. ஓயாத ஓட்டம் பொருந்தாது, ஆகவே வெற்றிடம் என்ற ஒன்றே இல்லை என்று தீர்ப்பளித்தார்கள்! கதவைத் திறந்தவரே அதைச் சாத்தியும் விட்டார்.

12-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அபுல் பரகாத், பிறப்பால் யூதர்; முதுமையில் இஸ்லாத்தைத் தழுவியவர். ‘அல்முஃதபர்’ என்னும் நூலில், வெற்றிடத்திலும் மைல் தேயும் என்று இப்னு ஸீனாவை மறுக்கின்றார். அதில் அவர் பின்வாங்கினார் என்றே சொல்லவேண்டும். ஆனால் விழும் பொருளின் வேகம் ஏன் ஏறுகிறது என்பதற்கு அவர் தந்த விளக்கம் அருமையானது: கனம் கணந்தோறும் புதிய மைலைப் பிறப்பிக்கிறது, அது மேன்மேலும் சேர்வதால் வேகம் வளர்கிறது. விசை வேகத்தைக் கூட்டுவது என்னும் கருத்தின் முளை இங்கே தென்படுகிறது.

இதைக் கொண்டு, நியூட்டனின் விதிகளை நம்மவர் முன்பே கண்டுவிட்டனர் என்று மேடைகளில் முழங்குவோரோடு நாம் உடன்படவில்லை. மைல், பொருளுக்குள் இருந்துகொண்டு ஓட்டத்தை நடத்துவது. 1687-இல் வெளியான நூலில் நியூட்டன் கூறிய விசையோ வெளியிலிருந்து வந்து ஓட்டத்தை மாற்றுவது. ஓட்டம் நீடிக்க விசையே வேண்டியதில்லை. கேரம் பலகையில் மாவு தூவினால் காய் நெடுந்தூரம் போகிறது. சுண்டிய விரல் வலுத்துவிடவில்லை, உராய்வு குறைந்தது. 1 கிலோகிராம் நிறையின் வேகத்தை, வினாடிதோறும், வினாடிக்கு 1 மீட்டர் அளவு கூட்டும் விசையே 1 நியூட்டன் என இன்று அளக்கிறோம். மைலை இப்படி அளந்தார் இலர். பழைய பழக்கம் நியூட்டனையும் முற்றாக விடவில்லை என்பது வேறு. பொருளின் சடத்துவத்தை அவரும் ‘உள்ளுறை விசை’ என்றே எழுதினார்.

அரிஸ்டாட்டிலிலிருந்து ஒரே தாவலில் கலிலியோவிடம் போய்விடும் வரலாறும் நமக்கு உடன்பாடன்று. இடைப்பட்ட அந்தச் சிந்தனை நம் நாட்டு மதரஸாக்களுக்கும் வந்து சேர்ந்தது. தர்ஸே நிஜாமிப் பாடத்தில் இடம்பெற்ற ‘ஹிதாயத்துல் ஹிக்மா’வும் அதற்கு மைபதீ எழுதிய உரையும் மைலைப் பேசுகின்றன. அதை ஓதிய ஆலிம் ஒருவர், பிள்ளையின் விடையைக் கேட்டதும், “இது மைல் அல்லவா!” என்று அடையாளம் கண்டுகொள்வார்.