துக்து போன பாதை: வாய்மொழியும் வரலாற்றுச் சான்றுதான்

வரலாற்றுச் சான்று எதுன்னு கேட்டா கல்வெட்டு, ஏடு, நாணயம் என்று எழுதுகிறோம். எழுத்து இல்லாத மக்களுக்கு வரலாறு இல்லையா? வடக்குக் கனடாவின் இனுயிட் மக்களைப் பாருங்கள்.

கரிபு மானை அவர்கள் 'துக்து' என்பார்கள். அதன் இறைச்சி உணவு, தோல் உடை, தசைநார் தையல் நூல். கடுங்குளிருக்கு முன் மந்தைகள் காசான் ஆற்றை நீந்திக் கடக்கும். அப்போது முதலில் வரும் மான்களைத் தொடக் கூடாது என்பது பெரியவர்கள் சொன்ன விதி. ஏன்? அவை மிரண்டு திரும்பினால் பின்னால் வரும் மந்தையும் திரும்பிவிடும். வேட்டைக்காரக் குடும்பம் பட்டினிதான்!

இந்த அறிவைப் பதிவு செய்தவர்களில் முக்கியமானவர் குனுட் ராஸ்முசன். 1921 முதல் 1924 வரை நடந்த ஐந்தாம் தூலே பயணத்தில் அவர் குழு இனுயிட் வாழ்க்கையை விரிவாக எழுதி வைத்தது. கிரீன்லாந்தில் வளர்ந்த அவருக்கு அவர்கள் மொழி தெரியும்.

ஆனால் 1950களில் நிலைமை வேறு. கரிபு குறைந்துவிட்டது என்று அரசு ஆய்வாளர்கள் அறிக்கை எழுதினார்கள். பழி பெரும்பாலும் வேட்டைக்காரர்கள் மேல் விழுந்தது. அவர்கள் தரப்பு தாளில் ஏறவே இல்லை.

1970களில்தான் மாற்றம் வந்தது. மில்டன் ஃப்ரீமன் தலைமையிலான குழு வேட்டைக்காரர்களிடம் வரைபடத்தைக் கொடுத்தது. எங்கே கரிபு வேட்டையாடினோம், எங்கே தங்கினோம் என்று அவர்களே குறித்தார்கள். 1976இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அந்தப் பதிவு, நில உரிமைக் கோரிக்கைக்கு ஆதாரமானது. 1993இல் உடன்படிக்கை கையெழுத்தானது. 1999 ஏப்ரல் 1ஆம் நாள் நுனாவுட் பிரதேசம் பிறந்தது. நினைவிலிருந்து வரைந்த கோடுகள் ஒரு நாட்டின் வரைபடத்தையே மாற்றின, பார்த்தீர்களா?

கரிபு பற்றிய பழிக்கும் பதில் கிடைத்தது. பாஃபின் தீவின் தென்பகுதிப் பெரியவர்களின் நினைவுகளைத் தொகுத்த ஆய்வு 1998இல் வந்தது. சுமார் 1900 முதலான மாற்றங்கள் அதில் உள்ளன. கரிபு பெருகுவதும் குறைவதும் ஒரு முதியவரின் ஆயுள்காலம் அளவுக்கு நீளும் சுழற்சி என்றார்கள் அவர்கள். சில ஆண்டுக் கணக்கெடுப்பில் இது தெரியுமா?

அதற்காக, வாய்மொழி என்றாலே உண்மை என்று எழுதிவிடாதீர்கள். சொன்னவர் நேரில் கண்டாரா? மற்றவர்களும் அதையே சொல்கிறார்களா? வேறு சான்றுகளோடு ஒத்துப்போகிறதா? இம்மூன்றையும் பார்க்க வேண்டும்.

பயிற்சி வினா: 1950களின் அரசு அறிக்கை, 1976இன் வரைபடப் பதிவு இரண்டையும் ஒப்பிடுக. ஒவ்வொன்றிலும் யாருடைய குரல் பதிவாகியுள்ளது?