கீழாநெல்லி லான்செட்டுக்குப் போன கதை

ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் போதும், சாந்தோமில் எங்கள் வீட்டு மதிலோரம் கீழாநெல்லி தலைகாட்டிவிடும். தெருவில் யாருக்காவது கண் மஞ்சளித்தால் பாட்டி அதை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கிக் கொடுப்பாள். காமாலை இறங்கிவிடும். பெரும்பாலான காமாலை தானாகவே இறங்கும் என்பது பாட்டிக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பெருமையை விட்டுக்கொடுத்திருக்க மாட்டாள்!

இறங்காத காமாலையும் உண்டு. 1960-களில் அமெரிக்க ஆய்வாளர் பரூக் பிளம்பெர்க், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் ஒரு புதுப் புரதத்தைக் கண்டார். அது, காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ்-பி வைரஸின் மேலுறை என்று பிறகு தெரிந்தது. 1976-இல் நோபல் பரிசு. 1981-இல் தைவானில் சுமார் 22,700 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளிவந்தது. இந்த வைரஸை உடம்பில் சுமப்பவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 200 மடங்குக்கும் மேல்.

வைரஸ் கல்லீரலை நேரடியாகக் கொல்வதில்லை. தொற்றிய செல்களை நம் உடம்பின் காவல் செல்களே தாக்குகின்றன. அழிந்த இடத்தில் புதுச் செல்கள் முளைக்கின்றன; அவற்றிலும் தொற்று. இந்த ஓயாத சண்டையில் கல்லீரல் தழும்பேறிச் சுருங்குகிறது. செல் பிரியும்போதெல்லாம் மரபணுவில் பிழை சேர வாய்ப்பு. போதாக்குறைக்கு வைரஸ் தன் மரபணுத் துண்டையும் இடையில் செருகிவிடுகிறது. புற்றாக முற்ற இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம். அதுவரை ஆளுக்கு ஒரு குறையும் தெரியாமல் இருக்கலாம்.

இங்கேதான் நம்ம ஊர் வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும் கீழாநெல்லியை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோனார்கள். வைரஸைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி. 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்தப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. 1988-இல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. ஆசிரியர்களில் ஒருவர், அதே பிளம்பெர்க்!

மதிலோரச் செடிக்கு இதைவிடப் பெரிய மேடை ஏது? ஆனால் தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் மறுபடி சோதித்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. எனக்கும் வருத்தம்தான். இருந்தாலும், பாட்டி வைத்தியத்தைக் கும்பிட்டு ஒதுக்காமலும் கேலி செய்யாமலும் சோதனைக்கு நிறுத்தினார்களே, அந்தத் துணிச்சல்தான் பெரிது.

கடைசியில் இந்த வைரஸை ஜெயித்தது தடுப்பூசி. 1984-இல் தைவான் பச்சிளங்குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது. அங்கே சிறுவர்களின் கல்லீரல் புற்று குறைந்தது. பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு வைரஸ் உடம்பிலேயே தங்கிவிடும். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. வீட்டில் பிரசவத்துக்கு நாள் நெருங்குகிறதா? அந்த ஊசியைப் பற்றி டாக்டரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.