தூண்டில் நரம்பு அறுவது ஏன்? வாங்கும்போதும் முடிச்சுப் போடும்போதும் கவனிக்க வேண்டியவை

சாலைக் கடைத்தெருவில் நரம்பு வாங்கி, கரமனை ஆற்றில் தூண்டில் போடப் போறீங்களா? பெரிய வரால் மாட்டும்போது நரம்பு அறுந்தால், வாயில் முள்ளோடு மீன் போய்விடும். பெரும்பாலும் நரம்பு அறுவது முடிச்சில்தான்.

எந்த நரம்பு?

ஆற்றுக்கு ஒற்றை இழை நைலான், அதாவது தங்கூஸ் போதும். விலை குறைவு, கொஞ்சம் நீளும் என்பதால் திடீர் இழுப்பைத் தாங்கும். சிறு கெண்டைக்கு 0.20 மி.மீ. சரி. செடிகளுக்குள் பாயும் வராலுக்கு 0.35 மி.மீ.க்குக் குறையாமல் எடுங்க. பின்னல் நரம்பு அதே தடிமனில் அதிக பலம் தரும். ஆனால் பாறையில் உரசினால் சீக்கிரம் அறும்.

வெயில் நைலானைக் கெடுக்கும். கடை வாசலில் தொங்கும் சுருளை விட்டு, உள்ளே இருப்பதைக் கேளுங்க.

எந்த முடிச்சு?

* நைலானுக்கு கிளிஞ்ச்: முள்ளின் வளையத்தில் நுனியை நுழைத்து, நரம்பைச் சுற்றி 5 அல்லது 6 சுற்று. வளையத்தை ஒட்டிய கண்ணியில் நுனியை விட்டு, புதிதாக உருவான பெரிய கண்ணியிலும் விடுங்க.
* பின்னலுக்கு பாலோமர்: கிளிஞ்ச் இதில் வழுக்கும். நரம்பை இரட்டையாக மடித்து வளையத்தில் நுழைத்து, சாதாரண முடிச்சுப் போட்டு, மடிப்புக் கண்ணிக்குள் முள்ளை முழுசாக நுழையுங்க.

இறுக்கும் முன் எச்சிலால் நனைங்க. உலர்ந்தபடி இழுத்தால் உரசும் சூட்டில் நைலான் பலமிழக்கும். பிறகு கையால் இழுத்துப் பாருங்க. சந்தேகம் வந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்க.

அறுந்த துண்டை கரையில் போடாதீங்க. நைலான் எளிதில் மக்காது; கொக்கு, நீர்க்காகத்தின் காலில் சுற்றினால் உயிரையே பறிக்கலாம்.