மாத்தறதா, புதுசு வாங்கறதா? ஒரு முப்பது வருசக் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் சோமனூரிலிருந்து ஒரு பழைய மாணவன் போன் செய்தான். "சார், பாப்பா ப்ளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்குதுங்க. வீட்ல 2014-ல வாங்குன டெஸ்க்டாப் ஒண்ணு கெடக்குது. கடையில காட்டுனா, விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சு, இதுல 11 ஏறாது, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கங்கறாங்க. நாப்பதாயிரம் ஆகுமாமுங்க. என்னங் சார் பண்றது?"

வழக்கமாக நான் உடனே பதில் சொல்லிவிடும் ஆள். அன்றைக்கு, "ரெண்டு நாள் கொடு தம்பி, நேர்லயே வந்து பாக்கறேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அதே வீட்டில், இதே கேள்விக்கு, 2004-ல் நான் ஒரு தப்பான பதில் சொல்லியிருக்கிறேன். அதற்கு வருகிறேன்.

வரலாற்று வாத்தியாருக்குக் கம்ப்யூட்டரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பள்ளியில் ஆய்வகம் வந்தபோது, சாவியை வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று என்னிடம் கொடுத்தார்கள். சாவி கையில் இருந்ததால் கழற்றிப் பார்க்கும் ஆசையும் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

பழசையே தேற்றுவதா, புதுசு வாங்குவதா என்ற கேள்வி நம் ஊருக்குக் கம்ப்யூட்டரோடு வந்ததல்ல. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. கோவைப் பக்கம் மில்கள் பெருகின. கமலை இறைத்த கிணறுகளில் மோட்டார் இறங்கியது. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இங்கேயே மின்மோட்டார் தயாரித்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை மோட்டார் புகைந்து போனால் அதை யாரும் தூக்கிப் போடுவதில்லை. காயில் கட்டக் கொடுப்பார்கள். பேரிங் போனால் பேரிங், புஷ் போனால் புஷ். அப்பன் வாங்கிய மோட்டாரில் மகன் தண்ணீர் பாய்ச்சுவான்.

அதனால்தான் நம் ஆட்கள் கம்ப்யூட்டர் வாங்கப் போனபோதும் கடையில் கேட்ட முதல் கேள்வி, "பின்னால வேணும்னா ஏத்திக்கலாமுங்களா?" என்பதாகவே இருந்தது.

ஏற்றிக்கொள்ள முடிந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. 1981 ஆகஸ்ட் 12-ம் தேதி ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டது. உள்ளே கூடுதல் அட்டைகள் செருக ஐந்து இடம் விட்டிருந்தார்கள். எந்தப் பாகம் எப்படி இயங்குகிறது என்று புத்தகமாகவே போட்டு விற்றார்கள். அதைப் பார்த்து உலகமெல்லாம் அதற்குப் பொருந்தும் பாகங்களைச் செய்தார்கள். ஒருவர் போர்டு, ஒருவர் ராம், ஒருவர் ஹார்டு டிஸ்க் என்று யார் செய்ததையும் சேர்த்துப் பூட்டலாம் என்றாயிற்று. 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் உருவான தகவல் தொழில்நுட்ப வர்த்தக உடன்பாட்டில் 1997-ல் இந்தியாவும் சேர்ந்தது. பாகங்களின் மீதான சுங்கத் தீர்வை படிப்படியாக இறங்கியது. சென்னைக்கு ரிச்சி தெரு என்றால் நமக்குக் காந்திபுரம். மாடிப்படி ஏறினால் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு பையன். 'அசெம்பிள்டு' என்ற சொல் அப்படித்தான் நம் வீடுகளுக்குள் வந்தது.

நான் 1997-ல் பி.எஃப். கடன் போட்டு வாங்கினேன். பென்டியம் எம்.எம்.எக்ஸ்., 16 எம்.பி. ராம். ஜி.பி. இல்லை, எம்.பி.தான்! இரண்டு வருடத்தில் அது திணற ஆரம்பித்தது. இன்னொரு 32 எம்.பி. போட்டால் போதும் என்று கடைக்காரத் தம்பி விலையும் சொன்னார். "தீபாவளி போனஸ் வரட்டும்" என்று தள்ளிப் போட்டேன். பணத்தோடு போனால் விலை எங்கேயோ நிற்கிறது. "தைவான்ல பூகம்பமுங் சார்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. இது என்ன சாக்கு என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து விசாரித்தால் உண்மை. 1999 செப்டம்பர் 21 அன்று தைவானில் பெரும் நிலநடுக்கம். 2,400 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். அங்கே சிப் ஆலைகள் நின்றதால் உலகச் சந்தையில் ராம் விலை ஏறிவிட்டது. அத்தனை பேர் செத்துப் போன சேதியை ஒரு ராம் விலையின் வழியாகத்தான் நான் கவனித்தேன் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது. நம் மேசையில் இருக்கும் பெட்டி எந்தெந்த ஊரோடெல்லாம் கட்டப்பட்டிருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது.

அடுத்த ஏற்றம் தமிழுக்காக வந்தது. பழைய விண்டோஸில் ஒவ்வொரு நிறுவனத்தின் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டில் இருக்கும். என் வீட்டில் அடித்த கட்டுரை நண்பர் வீட்டில் கட்டம் கட்டமாகத் தெரியும். யூனிகோடு தமிழுக்கான லதா எழுத்துரு விண்டோஸ் 2000-த்தோடுதான் வந்தது. பிறகு 2001-ல் எக்ஸ்பி. ஆனால் எக்ஸ்பி ஓட 128 எம்.பி. ராமாவது வேண்டும் என்றார்கள். தமிழில் ஒழுங்காக ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பதற்காகவே ராம் வாங்கிப் போட்ட தமிழாசிரியர்களை எனக்குத் தெரியும். 2010 ஜூனில் நம் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது யூனிகோடைத் தமிழக அரசு முறையாக ஏற்று ஆணை வெளியிட்டது. அந்த மேடைக்கு வருவதற்கு முன்னால் எத்தனை வீடுகளில் பழைய பெட்டியைத் திறந்து மூடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது 2004-க்கு வருகிறேன்.

அந்த மாணவன் அப்போது ப்ளஸ் டூ. அப்பாவும் அம்மாவும் விசைத்தறிக்குப் போகிறவர்கள். யாரிடமோ வாங்கிய பழைய பென்டியம் த்ரீ வீட்டில் இருந்தது. எக்ஸ்பி போட்டிருந்தார்கள், 128 எம்.பி. ராம்தான். ஆன்டி வைரஸும் சேர்ந்ததில் பெட்டி நகர மறுத்தது. "சார் வந்து பாத்துச் சொல்லுங்க" என்று கூப்பிட்டான். போனேன். ஐந்து நிமிடம் பார்த்தேன். "ப்ராசஸர் பழசு தம்பி. பென்டியம் ஃபோர் போர்டு போட்டாத்தான் சரிப்படும்" என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அவன் அம்மா தோட்டை அடகு வைத்தார். புது போர்டு, புது ப்ராசஸர். பழைய ராம் அதில் பொருந்தாது என்பதால் புது ராமும் வாங்கினார்கள். காசு பத்தாமல் அதுவும் 128 எம்.பி.யே. பெட்டி முன்பு போலவே இழுத்தது. பிறகு அவன் நண்பன் ஒருவன் 256 எம்.பி. ராம் ஒன்றைச் செருகிக் காட்டியதும் ஓடத் தொடங்கியது. அந்தப் பழைய பெட்டியிலேயே ராமை மட்டும் கூட்டியிருந்தால், தோட்டைக் கழற்றியிருக்க வேண்டியதில்லை. எனக்கு இது ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அவன் சொல்லவில்லை. நண்பன் சொன்னான்.

நம் விவசாயி யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார். கிணற்றில் ஊற்று இல்லாதபோது ஐந்து எச்.பி. மோட்டாரைக் கழற்றிவிட்டு ஏழரை எச்.பி. போட்டால் தண்ணீர் கூடுமா? ஊற்றா, பைப்பா, மோட்டாரா, எது தடுக்கிறது என்று முதலில் பார்ப்பார். நான் படித்தவன். பார்க்காமல் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். யார் கேட்டாலும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு, அவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலையை என் முன்னால் அரை மணி நேரம் செய்யச் சொல்வேன். ராம் நிரம்பி நிற்கிறதா, டிஸ்க் நூறு சதவீதத்தில் நிற்கிறதா, ப்ராசஸர் திணறுகிறதா என்று அதுவே காட்டிக் கொடுக்கும். பலமுறை மூன்றும் இல்லை, காற்றாடியில் பஞ்சு அடைத்திருக்கும். தறி ஓடும் ஊரில் இது சாதாரணம்.

இந்த வருடங்களில் மக்கள் சொன்ன கருத்துகளைக் கேட்டுக் கேட்டு மூன்று கட்சியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். "ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்பது ஒரு கட்சி. "தொல்லையே வேண்டாம், ஒரேயடியாப் புதுசு" என்பது இன்னொன்று. "கொஞ்சங் கொஞ்சமா ஏத்திக்கலாம்" என்பது மூன்றாவது. நம் பக்கம் மூன்றாவது கட்சிக்குத்தான் கூட்டம் அதிகம். ஆனால் அந்தக் கட்சிக்கும் சோதனைகள் வந்தன.

2000-த்தின் முதல் பாதியில் வந்த பல போர்டுகளில் கெபாசிட்டர்கள் தலை வீங்கி வெடித்தன. உள்ளே ஊற்றிய திரவம் சரியில்லாததால் உலகம் முழுக்க நடந்த கூத்து அது. "போர்டு போச்சு, மாத்துங்க" என்று கடையில் சொன்னதை, எங்கள் தெரு டி.வி. மெக்கானிக் சில கெபாசிட்டர்களை மாற்றி ஓட வைத்தார். காயில் கட்டும் ஊரின் புத்தி! 2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்டு டிஸ்க் ஆலைகள் மூழ்கின. விலை ஏறக்குறைய இரட்டிப்பானது. அடுத்த வருடம் நமக்கு மின்வெட்டு. ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத காலம் அது. ராம் வாங்க வைத்திருந்த காசு யு.பி.எஸ். பேட்டரிக்குப் போனது.

பிறகு எஸ்.எஸ்.டி. விலை இறங்கியது. நான் கேட்ட கருத்துகளிலேயே எல்லோரும் ஒரே குரலில் சொன்னது இதைப் பற்றித்தான். "புது கம்ப்யூட்டர் மாதிரி ஆயிருச்சுங் சார்!" ஹார்டு டிஸ்கில் தட்டு சுழல வேண்டும், முள் நகர வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழல எதுவும் இல்லை. 2020-ல் கொரோனாவால் பள்ளி மூடியபோது, பழைய மாணவர்கள் சிலரும் நானும் சேர்ந்து, பரணில் கிடந்த பதினோரு பெட்டிகளை இறக்கி, எஸ்.எஸ்.டி. போட்டு, பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குக் கொடுத்தோம். அதில் ஒரு பெண் இப்போது இன்ஜினீயரிங் முடிக்கப் போகிறாள்.

இன்றைய நிலை வேறு. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். நன்றாக ஓடும் பெட்டிகளையும் அது வாசலில் நிறுத்துகிறது. இன்னொரு பக்கம், செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் ராம் விலை தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது. 'க்ரூஷியல்' என்ற பெயரில் நமக்கெல்லாம் ராமும் எஸ்.எஸ்.டி.யும் விற்று வந்த மைக்ரான் நிறுவனம், அந்தச் சில்லறை வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. ராமைப் போர்டிலேயே பற்றவைத்து விற்கும் மடிக்கணினிகளில் ஏற்றிக்கொள்ளும் பேச்சே இல்லை. பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-ல் குழு அமைத்து, அந்த டிசம்பரிலேயே இணையதளமும் தொடங்கியது. ஆனால் பற்றவைத்ததை இணையதளம் கழற்றித் தராது.

சோமனூர் போனேன். பேத்தி பெட்டியை ஆன் செய்தது. டிஸ்க் நூறில் நின்றது. நான்காம் தலைமுறை ஐ3, நான்கு ஜி.பி. ராம். ப்ராசஸரில் குறையில்லை. 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று, பழைய பெட்டியிலிருந்து கழற்றிய டி.டி.ஆர்.3 ராம் ஒன்று. எல்லாம் நாலாயிரத்துக்குள் முடிந்தது. உபுண்டு போட்டோம். பதினோராம் வகுப்புப் பாடநூலிலேயே விண்டோஸோடு உபுண்டுவும் பாடமாக இருக்கிறது. இந்த வருட சி++, அடுத்த வருட பைத்தான், மைஎஸ்க்யூஎல் எல்லாம் அதில் காசில்லாமல் ஓடும். விண்டோஸே வேண்டும் என்பவர்கள், பத்துக்கான கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்பில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நாள் இருக்கிறது. கல்லூரி போகும்போது பாப்பாவுக்குப் புதுசு தேவைப்படலாம். அப்போது வாங்கிக்கொள்ளட்டும். அதற்குள் அந்த நாற்பதாயிரம் கையில் இருக்கும்.

வேலை முடிந்ததும் அவன் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். "அம்மிணி, 2004-ல நான் சொன்னது தப்பு. உங்க தோட்டை அடகு வைக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது" என்றேன். இருபது வருடமாகத் தொண்டையில் நின்றது.

அந்த அம்மா சிரித்தார். "அது அப்பவே தெரியுமுங் சார். பையன் சொன்னான். நீங்க சங்கடப்படுவீங்கன்னு நாந்தான் உங்ககிட்டச் சொல்ல வேண்டாமுன்னேன். தோடு மறு வருசமே மீட்டாச்சுங். காபி ஆறுது, குடிங்க."

குடித்தேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பழைய பெட்டியை எடைக்குப் போடும் முன் ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள். எது தடுக்கிறது என்று தெரிந்த பிறகு காசை எடுங்கள். இதில் உங்கள் அனுபவம் என்ன, என்ன மாற்றினீர்கள், பலன் இருந்ததா என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். இந்த முறை அவசரப்பட்டுப் பதில் சொல்ல மாட்டேன்.