கண்ணுக்குள் ஓர் ஒளிவினை

கண்புரையை அரபு மருத்துவர்கள் ‘நுஸூலுல் மா’ என்றனர். நீரிறக்கம் என்பது பொருள். கண்மணிக்குப் பின்னே நீர் இறங்கித் திரையிடுகிறது என்பது அவர்தம் கருத்து. கண்வில்லைக்கு அவர்கள் இட்ட பெயரோ ‘ஜலீதிய்யா’, பனிக்கட்டி போன்றது. மோசுல் நகரத்து அம்மார், கி.பி. 1000 அளவில், துளையுள்ள ஊசியால் புரையை உறிஞ்சியெடுக்கும் முறையை எழுதிவைத்தார்.

நீர் ஏதும் இறங்கவில்லை, வில்லையே மங்குகிறது என்பதை 1705-இல் பிரெஞ்சு மருத்துவர் பிரிஸோ காட்டினார். அப்பனிக்கட்டி மங்குவானேன்? விடையில் ஒரு பகுதி சாயத்திலிருந்து கிடைத்தது.

மூனிச் நகர மாணவர் ஆஸ்கர் ராப், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் நுண்ணுயிர்கள் மடியும் நேரத்தை அளந்தார். சாயத்தின் அளவு ஒன்றே. நேரமோ நாளுக்கு நாள் மாறிற்று. மாறியது வெளிச்சமே என்று 1900-இல் அவர் வெளியிட்டார். இவ்வினைக்கு ஆக்ஸிஜனும் வேண்டுமென அவருடைய ஆசிரியர் தப்பைனர் கண்டார்.

நைட்டித் தையலுக்குப் பேர்பெற்ற தளவாய்புரத்தில், வெயிலில் தொங்கும் துணி வெளிறுவதை அறிவோம். அங்கே ஒளி சாயத்தையே அழிக்கிறது. ராப் கண்டதோ, சாயத்தின் வழியே ஒளி பிறிதொன்றை மாற்றுவது. சாயம் தான் ஏற்ற ஒளியாற்றலை ஆக்ஸிஜனுக்கு அளிக்கிறது; கிளர்ந்த ஆக்ஸிஜன் புரதத்தைத் தாக்குகிறது. புரதம் 20 வகை அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அவற்றுள் ஹிஸ்டிடின், டிரிப்டோபேன், டைரோசின், மெத்தியோனின், சிஸ்டீன் ஆகிய ஐந்தையே அது பெரிதும் நாடுகிறது. ஏனையவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

வில்லையின் நடுவிலுள்ள கிரிஸ்டலின் புரதங்கள் கருவிலேயே உண்டானவை, வாழ்நாளில் புதுப்பிக்கப்படுவதில்லை. எனவே அவற்றில் நேர்ந்த மாற்றம் நிலைத்துவிடுகிறது. கிளர்ந்த ஆக்ஸிஜன் இப்புரதங்களை எவ்வாறு தாக்குகிறது என்பதை, ஹைதராபாத்தில் பணியாற்றிய துரைராஜன் பாலசுப்பிரமணியன் தம் சகாக்களுடன் ஆராய்ந்து 1990-இல் வெளியிட்டார். தாக்குண்ட புரதங்கள் ஒன்றோடொன்று பிணைகின்றன. அப்பிணைப்பில் ஹிஸ்டிடினுக்குப் பங்குண்டு. பிணைந்து திரண்ட புரதம் ஒளியைச் சிதறடிக்கும். அதுவே மங்கல்.

ஒளி மட்டுமே காரணமன்று. முதுமை, நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியனவும் உண்டு. ஒளியின் இத்தெரிவுத் திறனையே கருவியாக்கி, புரதத்தில் வேண்டிய அமினோ அமிலத்தை மட்டும் மாற்ற இன்று வேதியியலார் முயல்கின்றனர்.

நமக்கோ பாடம் எளிது. கடும் வெயிலில் கண்ணுக்கு நிழல் தேடுவோம். ‘பார்வை மங்குவது மூப்பின் விதி’ என்று நம் இல்லத்து முதியோரை மூலையில் அமர்த்தாதிருப்போம். அம்மார் ஊசியால் அகற்ற முயன்ற அத்திரையை இன்றைய அறுவை மருத்துவம் நீக்கி, புதிய வில்லையும் பொருத்துகிறது.